ஒரு வீடு, இரண்டு கொமிஷன்: யார் கொண்டுவந்த ஆள்?

போன வருசம் ஒரு இரவு எங்கட குழுவின் வட்ஸ்அப்பில் ஒரு தோழர் இரண்டு பிடிஎஃப் கோப்புகளைப் போட்டார். கீழே ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "மாமி லண்டனில வீடு வித்தவ. இப்ப இரண்டு ஏஜென்ற்மார் பில் அனுப்பியிருக்கினம். ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

எங்களில் கனபேருக்கு இது பழகிப்போன வேலை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற மாமிமார், பெரியப்பாமார் முப்பது வருசமாய் அங்க இருந்தாலும், ஆங்கிலத்தில் நீளமாய் ஒரு கடிதம் வந்தால் அதைப் படமெடுத்து ஊருக்குத்தான் அனுப்புவினம். அங்க பிள்ளையளுக்கு நேரமில்லை. எங்களுக்கு நேரம் இருக்கு எண்டு அவை நினைக்கினம்.

மாமியின் கதை இதுதான். மாமா காலமான பிறகு, ஹரோவில் இருந்த வீட்டை வித்துப்போட்டு மகளின் வீட்டுக்குக் கிட்ட சின்னதாய் ஒரு ஃபிளாற் வாங்க நினைச்சா. ஒரு ஏஜென்றிடம் குடுத்தா. மூண்டு மாசம் ஆக்கள் வந்து பார்த்துப் போனார்களே ஒழிய ஒருத்தரும் வாங்கேல்லை. அலுத்துப்போய் அந்த ஏஜென்றுக்கு ஃபோன் எடுத்து, "இனி வேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டு, அடுத்த நாளே வேறொரு ஏஜென்றிடம் போனா. மூண்டு கிழமைக்குள் வீட்டுக்கு ஆள் கிடைச்சது. ஆனால் வாங்கின குடும்பம் புது ஆக்கள் இல்லை. முதல் ஏஜென்றின் காலத்தில் ஒருக்கா வந்து, சமையலறை சின்னன் எண்டு சொல்லிப் போனவை. இரண்டாவது ஏஜென்ற் அவையை மாமியின் வீட்டுக்குத் திரும்பக் கூட்டிவந்து, பின்பக்கம் கட்டிப் பெருப்பிக்க இடமிருக்கு எண்டு காட்டி, விலையையும் பேசி முடிச்சார். வீடு கைமாறின கையோடு இரண்டு பில்லும் வந்தது. முதலாமவர் சொன்ன நியாயம்: "அந்த ஆக்களுக்கு வீட்டை முதலில் காட்டினது நாங்கள்."

மாமியின் வீட்டு விலையை நாங்கள் இங்கே எழுதவில்லை. கணக்கு விளங்க ஓர் உதாரணம் போதும். 500,000 பவுண்ஸுக்கு விலைப்பட்ட வீட்டுக்குக் கொமிஷன் 1.5 வீதம் என்றால் 7,500 பவுண்ஸ். அதற்கு மேல் 20 வீத வற் வரி 1,500. மொத்தம் 9,000. அதை இரண்டு பேருக்கும் கட்டினால் 18,000. தனிய இருக்கிற ஒரு மனுசிக்கு இது சின்னக் காசில்லை.

ஊரில் காணி விக்கேக்க இரண்டு தரகர் தலையிட்டால், "அவை தங்களுக்குள்ள பிரிக்கட்டும், நான் ஒருக்காத்தான் குடுப்பன்" எண்டு பெரியாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறம். இங்கிலாந்தில் என்ன செய்யினம்? அந்த இரண்டு பிடிஎஃப்களையும் விளங்கிக்கொள்ளப் போய், 160 வருசத்துக்கு மேலாக அங்குள்ள நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் ஒரு கேள்விக்குள் நாங்கள் போய் விழுந்தோம். ஏஜென்றுக்குக் காசு எதற்கு? வீட்டைக் காட்டியதற்கா, விற்றுத் தந்ததற்கா?

ஒரு தீவும் ஒரு வாடகைக்காரரும்

இந்தக் கதையை 1863-இல் தொடங்கலாம். பிரான்ஸ் கரைக்கு அண்மையில், குர்ண்சிக்குப் பக்கத்தில் ஹெர்ம் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அந்தத் தீவை விற்றுத் தரச் சொல்லி உரிமையாளர் ஒரு முகவரிடம் ஒப்படைத்தார். முகவர் ஏலம் போட்டார். ஏலத்தில் அது விலைப்படவில்லை. ஆனால் ஏலத்துக்கு வந்திருந்த ஒருவர், உரிமையாளர் யார் என்று முகவரிடம் விசாரித்தார். பிறகு உரிமையாளர் முகவரை நிறுத்திவிட்டு, அதே ஆளுக்கு நேரடியாகத் தீவை விற்றார். முகவருக்குக் கொமிஷன் இல்லை என்றார்.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாங்குபவர், விற்பவர் என்ற உறவை உண்மையில் உண்டாக்கியது முகவரின் செயல்தான். கடைசிக் கட்டத்தில் அவர் பக்கத்தில் நிற்கவில்லை என்பதற்காகக் காசை மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. முகவரை ஓரமாய்த் தள்ளிவிட்டு அவர் பிடித்துத் தந்த ஆளை மட்டும் வைத்துக்கொள்ளும் தந்திரத்துக்கு அது ஒரு தடை.

நாற்பது வருசம் கழித்து, 1903-இல், அதே கேள்வி மறுபக்கத்தால் வந்தது. ஒரு வீட்டுக்காரர் "வாங்க ஆள் பார், இல்லாட்டி வாடகைக்கு ஆள் பார்" என்று ஏஜென்றிடம் சொல்லியிருந்தார். ஏஜென்ற் வாடகைக்காரரைக் கொண்டுவந்தார், அதற்குரிய கொமிஷனையும் வாங்கினார். ஒரு வருசத்துக்கு மேல் போன பிறகு அந்த வாடகைக்காரரே வீட்டை விலைக்கு வாங்கினார். ஏஜென்ற் திரும்பி வந்து, "இவரை உங்களுக்கு அறிமுகப்படுத்தினது நான்தானே, விற்பனைக் கொமிஷனையும் தாங்கோ" என்று கேட்டார்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. ஏஜென்ற் இல்லாவிட்டால் அந்த ஆள் அந்த வீட்டுக்கே வந்திருக்கமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும் காணாது. ஏஜென்றின் அறிமுகம் அந்த விற்பனைக்குப் பயன்தந்த காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். இந்தக் "பயன்தந்த காரணம்" என்ற சொல்தான் இன்றுவரை எல்லா வழக்குகளிலும் வருகிறது. இது இல்லாவிட்டால் ஒரே வாங்குபவரின் பெயரைச் சொல்லி எத்தனை ஏஜென்ற்மாரும் வாசலில் வந்து நிற்கலாம்.

"எங்களிட்ட மட்டும்" என்ற ஒப்பந்தம்

ஏஜென்ற்மாருக்கு இது ஒரு தலையிடி. விளம்பரத்துக்குச் செலவழித்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிய பிறகு, கடைசியில் வேறொருவர் விற்றுவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் "குறிப்பிட்ட காலத்துக்கு எங்களிட்ட மட்டும் தாங்கோ" என்று எழுதி வாங்கும் பழக்கம் வலுப்பெற்றது. இதுதான் தனி முகவர் ஒப்பந்தம்.

ஆனால் "மட்டும்" என்றால் என்ன? 1931-இல் வந்த ஒரு வழக்கில், ஆறு மாதத்துக்குத் தனி முகவரை வைத்திருந்த உரிமையாளர், அந்தக் காலத்துக்குள் தானே ஒரு ஆளைப் பிடித்து விற்றுவிட்டார். அது ஒப்பந்த மீறல் இல்லை என்றது நீதிமன்றம். வேறு ஏஜென்றை வைக்கமாட்டேன் என்றுதான் அவர் உடன்பட்டாரே தவிர, நானே விற்கமாட்டேன் என்று சொல்லவில்லை. 1939-இல் இன்னொரு வழக்கு. தனி முகவர் இருக்கும்போதே வேறொரு ஏஜென்ற் மூலம் வீடு விற்கப்பட்டது. இந்த முறை விற்றவர் நட்டஈடு கட்ட வேண்டி வந்தது. இரட்டைக் கொமிஷனின் மற்ற வாசல் இதுதான். இரண்டாவது ஏஜென்றுக்கு அவர் விற்றதற்காகக் கட்டவேண்டும். முதலாமவருக்கு, அவருடைய காலத்துக்குள் மற்றவரைக் கூப்பிட்டதற்காகக் கட்டவேண்டும்.

விற்பவர் பக்கம் ஆகப் பெரிய தீர்ப்பு 1941-இல் பிரபுக்கள் சபையில் வந்தது. லக்சர் என்ற நிறுவனத்தின் பெயரால் அந்த வழக்கு அறியப்படுகிறது. சில சினிமாக் கொட்டகைகள் விலைக்கு வந்தன. குறைந்தது 185,000 பவுண்ஸுக்கு வாங்கக்கூடிய ஆளைக் கொண்டுவந்து விற்பனை நடந்தால் 10,000 பவுண்ஸ் தருவதாக முகவருக்கு வாக்குக் குடுத்தார்கள். முகவர் ஆளைக் கொண்டுவந்தார். ஆனால் உரிமையாளர்கள் மனம் மாறி விற்காமல் விட்டார்கள். "நான் என்ரை வேலையைச் செய்துவிட்டேன்" என்றார் முகவர். சபை ஏற்கவில்லை. விற்பனை முடிந்தால்தான் காசு என்று எழுதியிருந்தால், முடியாமல் போகும் ஆபத்தும் முகவருடையதுதான். எட்டு, ஒன்பது நாள் வேலைக்கு 10,000 பவுண்ஸ் என்பது ஒரு பிரபு அதிபரின் முழு வருசச் சம்பளம். அவ்வளவு பெரிய பரிசுக்கு ஆபத்தைச் சுமக்கலாம்தானே என்று ஒரு நீதிபதி குறிப்பிட்டார்.

நல்ல தீர்ப்புத்தான். ஆனால் இந்தத் தீர்ப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான பலவீனம் இருந்தது. ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருக்காவிட்டால்தான் இந்த விதிகள் வேலை செய்யும். தெளிவாய் எழுதிவைத்தால் எழுத்துத்தான் வெல்லும். ஒப்பந்தத்தை அச்சடிப்பது ஏஜென்ற். கையெழுத்து வைப்பது வீட்டுக்காரர்.

பாராளுமன்றம் வந்தது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் சொந்த வீடு வைத்திருப்போர் தொகை வேகமாய்க் கூடியது. அதுவரை தொழிற்சங்கங்கள் மாதிரியான அமைப்புகள் நிர்ணயித்த கட்டண அட்டவணைப்படிதான் பெரும்பாலான ஏஜென்ற்மார் அறவிட்டார்கள். 1969-இல் ஏகபோக ஆணைக்குழு இதை ஆராய்ந்து எதிர்த்தது. 1970-இல் அப்படிக் கூடிப்பேசி விலை வைப்பதற்குத் தடை வந்தது. இன்றைக்குப் பேரம் பேசலாம். பொதுவாக ஒருவரிடம் மட்டும் குடுத்தால் வீதம் குறைவு, பலரிடம் குடுத்தால் கூட.

1979-இல் ஏஜென்ற்மாருக்கான தனிச் சட்டம் நிறைவேறி, 1982-இல் நடைமுறைக்கு வந்தது. அது ஏஜென்ற்மாருக்கு அனுமதிப்பத்திரமோ பரீட்சையோ வைக்கவில்லை. ஆனால் அதன் 18ஆம் பிரிவு ஒரு முக்கியமான வேலையைச் செய்தது. கையெழுத்து வாங்க முன்னமே, எவ்வளவு காசு, எப்போது, எந்த நிலைமையில் கட்டவேண்டும் என்பதை எழுத்தில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் கொமிஷனை அறவிட முடியாது. நீதிமன்றம் தொகையைக் குறைக்கவும் செய்யலாம்.

இது வெறும் ஏட்டுச் சட்டமில்லை. 2019-இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், ஏஜென்ற் தொலைபேசியில் மட்டும் பேசிவிட்டு, ஆள் கிடைத்த பிறகுதான் நிபந்தனைகளை எழுத்தில் அனுப்பியிருந்தார். அவருக்குக் கொமிஷன் உண்டு என்று முடிவானது. ஆனால் தாமதத்துக்காக மூன்றில் ஒரு பங்கு வெட்டப்பட்டது.

1991-இல் வந்த ஒழுங்குவிதிகள் மூன்று சொற்றொடர்களைப் பிடித்தன. இவற்றில் எதையாவது ஒப்பந்தத்தில் போட்டால் அதன் கருத்தைச் சட்டம் சொன்ன வடிவத்தில் விளக்கவேண்டும். ஒன்று, தனி முகவர்: அந்தக் காலத்துக்குள் வேறொரு ஏஜென்ற் கொண்டுவந்த ஆளுக்கு விற்றாலும் இவருக்குக் காசு. இரண்டு, தனி விற்பனை உரிமை: நீங்களே பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றாலும் இவருக்குக் காசு. மூன்று, "ஆயத்தமான, விருப்பமுள்ள, இயலுமான" வாங்குநர்: அப்படி ஒருவரைக் கொண்டுவந்தாலே காசு, நீங்கள் பிறகு விற்காமல் விட்டாலும். 1941-இல் பிரபுக்கள் சபை குடுத்த பாதுகாப்பை இந்த மூன்றாவது சொற்றொடர் ஒரே வரியில் தூக்கி எறிகிறது. இவை ஒன்றையும் சட்டம் தடைசெய்யவில்லை. விளங்கப்படுத்தச் சொன்னது மட்டும்தான்.

மாமிக்குக் கிட்டவான வழக்கு

2008-இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஃபொக்ஸ்ரன்ஸ் வழக்கை வாசிக்கேக்க, மாமியின் கதையையே வாசிக்கிறமோ எண்டு இருந்தது. முதல் ஏஜென்ற் ஒரு பெண்ணுக்கு வீட்டைக் காட்டினார். அவர் விரும்பவில்லை. பிறகு அதே பெண் இன்னொரு ஏஜென்ற் மூலம் வந்து அதே வீட்டை வாங்கினார். விற்றவர் இரண்டாமவருக்குக் கட்டினார். முதலாமவர் வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தில் "நாங்கள் அறிமுகப்படுத்திய வாங்குநர்" என்று இருந்தது.

நியூபேர்கர் பிரபு எழுதிய தீர்ப்பு அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தது. எதற்கு அறிமுகம்? வீட்டுக்கா, வாங்குதலுக்கா? வீட்டைப் பார்க்க மட்டும் அறிமுகப்படுத்தினால் போதாது, வாங்குவதற்கு அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சாதாரண வீட்டுக்காரர் ஒருவர் இரண்டு கொமிஷன் கட்டும் ஆபத்துக்குள் விழக்கூடாது என்ற கவலைதான் இந்த வாசிப்புக்குப் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று. முதல் ஏஜென்ற் தோற்றார்.

அதே 2008 ஒக்டோபரிலிருந்து, வீடு விற்றுத் தரும் ஒவ்வொரு ஏஜென்றும் அங்கீகரிக்கப்பட்ட ஒரு முறைப்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயமானது. நீதிமன்றம் போகக் காசில்லாதவர் முதலில் ஏஜென்றிடம் எழுத்தில் முறையிட்டு, தீராவிட்டால் ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம்.

இரண்டாவது பக்கத்தின் கடைசிப் பந்தி

இவ்வளவும் வாசிச்ச பிறகு நாங்கள் உற்சாகமாய்த்தான் இருந்தம். மாமி வெண்டிட்டா எண்டு ஒருத்தர் ஸ்ரிக்கரும் போட்டாச்சு. பிறகுதான் இன்னொரு தோழர் முதல் ஏஜென்றின் ஒப்பந்தத்தில் இரண்டாவது பக்கத்தின் கடைசிப் பந்தியைக் காட்டினார். தனி முகவர் ஒப்பந்தத்தை முடிக்க 14 நாள் முன்னறிவித்தல் குடுக்கவேண்டும், அதுவும் எழுத்தில். மாமி ஃபோனில் சொல்லியிருந்தா. எழுத்தில் ஒன்றும் இல்லை. தாள்களின்படி, இரண்டாவது ஏஜென்ற் வீட்டு வாசலில் பலகை நட்ட நாளிலும் முதலாமவரின் காலம் முடியேல்லை.

ஆக, "ஆளை முதலில் காட்டினது நாங்கள்" என்ற வாதத்துக்கு 1903-உம் 2008-உம் மாமியின் பக்கம் நின்றன. "எங்கட காலத்துக்குள்ள வேறொருவர் மூலம் வித்திட்டியள்" என்ற வாதத்துக்கு 1939 அவர்கள் பக்கம் நின்றது.

மாமி எழுத்தில் முறையிட்டா. ஃபோன் எடுத்த திகதி, அதற்குப் பிறகு அவர்கள் ஒரு ஆளையும் அனுப்பாதது, தங்கட இணையப் பக்கத்தில் இருந்து வீட்டை அவர்களே எடுத்தது எல்லாவற்றையும் வரிசையாய் எழுதிக் குடுத்தம். கடைசியில் அவர்கள் முழுத் தொகையை விட்டு, ஒரு பகுதியைக் கேட்டார்கள். மாமி கட்டினா. இன்னும் இழுத்திருக்கலாம் எண்டு எங்களில் இரண்டு பேர் சொன்னம். "எனக்கு நித்திரை வேணும் பிள்ளையள்" எண்டு சொல்லிட்டா.

83க்குப் பிறகு போன தலைமுறை அங்கு வேலை செய்து, மோர்ட்கேஜ் கட்டி முடித்த வீடுகள் இப்போது ஒவ்வொன்றாய் விலைக்கு வருகின்றன. பிள்ளைகள் தூர இடம் போய்விட்டார்கள், படியேற முழங்கால் விடுகுதில்லை. எனவே இந்தப் பிடிஎஃப்கள் இன்னும் வரும். நாங்கள் எங்களுக்கென்று குறித்துவைத்ததை இங்கே பகிர்கிறோம்.

கையெழுத்து வைக்க முன்னம், மேலே சொன்ன மூன்று சொற்றொடர்களில் எது இருக்கிறது என்று தேட வேண்டும். "தனி விற்பனை உரிமை"யும் "ஆயத்தமான, விருப்பமுள்ள" வாங்குநரும் இருந்தால் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். எத்தனை கிழமைக்கு, முன்னறிவித்தல் எத்தனை நாள், அந்த நாள்கள் காலத்துக்கு உள்ளேயா, பிறகா என்று பார்க்கவேண்டும். "அறிமுகம்" என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்தில் தனி விளக்கம் எழுதியிருந்தால் அதை இரண்டு தரம் வாசிக்கவேண்டும். 2008 தீர்ப்பின் பாதுகாப்பைக் குறைக்க எழுதிய வரியாக அது இருக்கலாம்.

ஏஜென்ற் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கினால், பொதுவாக 14 நாளுக்குள் மனம் மாறலாம். அந்த உரிமையை ஏஜென்ற் சொல்லவும் வேண்டும்.

ஏஜென்றை மாற்றும்போது எழுத்தில் மாற்றவேண்டும், ஒரு மின்னஞ்சலாவது. "உங்கள் காலம் எந்தத் திகதியோடு முடிகிறது, நீங்கள் யார் யாருக்கு வீட்டைக் காட்டினீர்கள், அவர்களில் யார் வாங்கினால் காசு கேட்பீர்கள்" என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கவேண்டும். அந்தப் பெயர்களை இரண்டாவது ஏஜென்றிடம் முதல் நாளே குடுத்து, "இவர்களில் ஒருவர் வாங்கினால் கொமிஷனை நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்வீர்கள்" என்று கேட்கவேண்டும். பெரியாக்கள் ஊரில் தரகரிடம் சொன்ன அதே கதைதான். வித்தியாசம், அங்கே அதைக் காசு கைமாற முன்னம் தாளில் சொல்லவேண்டும்.

போன மாசம் அதே தோழர் இன்னொரு பிடிஎஃப் போட்டார். இந்த முறை மாமியின் சிநேகிதி ஒருவரின் ஒப்பந்தம். கீழே எழுதியிருந்தார்: "இன்னும் கையெழுத்து வைக்கேல்லை." நாங்கள் எல்லாரும் சந்தோசமாய் வாசிக்கத் தொடங்கினம்.